குளிர்கால சென்ட்டுக்கு ஆண், பெண் உண்டா?

சென்ட் பாட்டிலின் மேல் "ஆண்களுக்கு" என்றோ "பெண்களுக்கு" என்றோ எழுதியிருந்தால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. சட்டை, செருப்பு மாதிரி அதுவும் ஒரு அளவு என்று எடுத்துக்கொள்கிறோம். பூ வாசனை என்றால் பெண், மர வாசனை என்றால் ஆண். பழ வாசனையா? அது கல்லூரிப் பெண்களுக்கு. இவ்வளவுதான் கணக்கு.

ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அக்டோபர் பிறந்து குளிர் ஆரம்பித்ததும் இந்தக் கணக்கு கொஞ்சம் குழம்பிவிடுகிறது. எலுமிச்சை, கடல் காற்று வகையறா பாட்டில்கள் அலமாரியின் பின்வரிசைக்குப் போகின்றன. முன்வரிசைக்குப் பிளம், பீச், அத்தி போன்ற பழ மணத்தோடு தேவதாரு, சந்தனம், பச்சோலி என்று மர மணமும் கலந்த சென்ட்கள் வருகின்றன. அவற்றில் பலவற்றின் மேல் ஆண் என்றும் இல்லை, பெண் என்றும் இல்லை. இருபாலருக்கும் பொது.

இது ஏதோ புது நாகரிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் தலைகீழ்! பொதுவாக இருப்பதுதான் பழைய வழக்கம். ஆண், பெண் என்று பிரித்ததுதான் புதுசு. அந்தப் பிரிவினை எப்படி வந்தது, எப்படி விரிசல் விட்டது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

குளிருக்கு ஏன் மரமும் பழமும்?

முதலில் கொஞ்சம் வேதியியல். ஒரு பொருள் மணக்க வேண்டுமென்றால் அதன் மூலக்கூறுகள் ஆவியாகி மூக்கு வரை வர வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன் இலேசானது. மூலக்கூறு எடை 136. சீக்கிரம் பறந்துவிடும். பச்சோலி எண்ணெயில் இருக்கும் பச்சோலால், தேவதாருவகை எண்ணெய்களில் இருக்கும் செட்ரால் இரண்டுக்கும் எடை 222. இவை மெதுவாகத்தான் எழுந்திருக்கும்.

வெயில் காலத்தில் உடம்பும் காற்றும் சூடாக இருப்பதால் இந்தக் கனமான மணங்கள் கூட வேகமாகக் கிளம்பி, பேருந்தில் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி தந்துவிடும். குளிரில் நிலைமை வேறு. எல்லாமே மெதுவாக ஆவியாகும். இலேசான மணம் முதல் அரைமணி நேரத்தில் எழும்பிப் போனதும் மிச்சம் ஒன்றும் இருக்காது. கனமான மர மணம்தான் மாலை வரை தாக்குப்பிடிக்கும். போதாததற்குக் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி இருக்கும். கம்பளி மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுநாள் அதை எடுத்துச் சுற்றும்போது நேற்றைய மணமும் சேர்ந்து வரும்.

மரம் சரி, பழம் எதற்கு? மரம் மட்டும் என்றால் உலர்ந்து, தச்சுப் பட்டறை போல இருக்கும். பழத்தின் இனிப்பு அதில் சேர்ந்தால் அதே மரம் உருண்டு திரண்டு இதமாகிறது. குளிரில் நாக்கு சூடான இனிப்பைத் தேடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மல்லிகையிலிருந்து மணத்தை எடுக்கலாம். சந்தனக் கட்டையிலிருந்து எண்ணெய் வடிக்கலாம். எலுமிச்சைத் தோலைப் பிழியலாம். ஆனால் பீச், பிளம் போன்ற பழங்களிலிருந்து சென்ட்டுக்கு ஆகிற எண்ணெய் கிடைப்பதில்லை. அந்த மணத்தை ஆய்வுக்கூடத்தில்தான் கட்ட வேண்டும். ஆகவே பழமும் மரமும் கலந்த சென்ட் பிறப்பதற்கு வேதியியல் வளரும் வரை ஐரோப்பா காத்திருக்க வேண்டியிருந்தது.

நெடுநல்வாடையில் ஒரு குளிர்காலம்

பருவத்துக்கு ஏற்ப மணத்தை மாற்றுவது ஐரோப்பியக் கடைக்காரர்கள் கண்டுபிடித்த தந்திரமா? அதுவும் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான நக்கீரரின் நெடுநல்வாடையே சாட்சி. வாடைக் காற்று வீசும் கூதிர்காலத்தில் ஊர் எப்படி மாறுகிறது என்று அந்தப் பாட்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. வடக்கிலிருந்து வந்த வட்டக்கல்லும் தெற்கிலிருந்து வந்த சந்தனமும் வேலையில்லாமல் கிடக்கின்றன. குளிரில் யார் சந்தனம் பூசுவார்கள்? பெண்கள் பூமாலை சூடுவதை விட்டுவிட்டு, தகர விறகில் நெருப்பு மூட்டி, கரிய அகிலை வெள்ளயிரோடு சேர்த்துப் புகைக்கிறார்கள். அயிர் என்பதற்குக் கண்டசர்க்கரை என்று பொருள் சொல்வார்கள்.

அதாவது மரம், அதோடு ஒரு இனிப்பு. குளிருக்கு! இன்றைய கடை அலமாரிக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். அந்தக் காட்சியில் கூந்தலுக்குப் புகையிடுபவர்கள் பெண்கள்தான். ஆனால் மர மணம் பெண்ணுக்கு மட்டும் என்ற விதி சங்கப் பாடல்களில் கிடையாது. சந்தனம் பூசிய மார்போடு வரும் தலைவர்களை அங்கே நிறையவே பார்க்கலாம். மணத்தை மாற்றச் சொன்னது பருவம்.

சால்வைக்குள் வந்த வாசனை

ஐரோப்பியக் குளிர்காலத்துக்குள் மர மணம் நுழைந்த வழிகளில் ஒன்று சுவாரஸ்யமானது. 19-ஆம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வை என்றால் பாரிஸ், லண்டன் சீமாட்டிகளுக்கு உயிர். இந்தியாவிலிருந்து கப்பலில் போகும்போது பூச்சி அரிக்காமல் இருக்க, சால்வை மடிப்புகளுக்கு நடுவே உலர்ந்த பச்சோலி இலைகளை வைத்து அனுப்பினார்கள். மண்ணும் மரமும் கலந்த அந்த மணம் துணியோடு ஒட்டிக்கொண்டது. ஐரோப்பாவிலேயே போலிச் சால்வை நெய்தவர்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. மணம் இல்லாத சால்வையை அசல் என்று வாடிக்கையாளர்கள் நம்பவில்லையாம்! பிறகு அவர்களும் பச்சோலி இலையை வரவழைத்துப் போட்டார்கள் என்று சொல்வார்கள்.

"பச்சோலி" என்ற ஐரோப்பியச் சொல்லுக்கே தமிழ்தான் மூலம் என்று ஆங்கில அகராதிகள் குறிக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் "வெட்டிவேர்" எங்கிருந்து போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இரண்டு தமிழ்ச் சொற்களின் பிற்கால வாழ்க்கையைக் கவனித்தால் கதையின் மையம் பிடிபட்டுவிடும். சால்வையோடு சீமாட்டிகளின் மணமாக இருந்த பச்சோலி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் "ஒழுக்கமில்லாத பெண்களின் சென்ட்" என்று பெயர் கெட்டது. 1960களில் ஹிப்பி இளைஞர்கள், ஆணும் பெண்ணுமாக, அதையே பூசிக்கொண்டு திரிந்தார்கள். வெட்டிவேரோ, நம்மூரில் பானைத் தண்ணீரிலும் ஜன்னல் தட்டியிலும் எல்லோருக்கும் குளிர்ச்சி தருவது. பிரான்சில் 1957-ல் கார்வென் நிறுவனமும் அதையடுத்து கெர்லான் நிறுவனமும் "வெட்டிவேர்" என்ற பெயரிலேயே சென்ட் விட்டபோது அது கோட்டு போட்ட ஆண்களின் மணமாகிவிட்டது. இலையும் வேரும் அப்படியேதான் இருந்தன. அணிபவர் யார் என்பதை ஊர்தான் மாற்றி மாற்றி எழுதியது.

சுவர் எழும்பிய கதை

1709-ல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இத்தாலியிலிருந்து வந்த ஃபரீனா குடும்பம் கடை தொடங்கியது. அங்கே ஜோஹான் மரியா ஃபரீனா தயாரித்த எலுமிச்சை, ஆரஞ்சு மணத் தண்ணீர்தான் "கொலோன் தண்ணீர்" என்று உலகப் புகழ் பெற்றது. அதை ஆண்களும் பூசினார்கள், பெண்களும் பூசினார்கள். நெப்போலியன் அதை அளவில்லாமல் பயன்படுத்தியவர். அவரைப் பார்த்து "இது பெண்கள் சமாச்சாரம்" என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை!

பிறகு வேதியியல் வந்தது. 1868-ல் வில்லியம் பெர்கின் கூமரினைச் செயற்கையாகத் தயாரித்தார். 1874-ல் டீமானும் ஹார்மானும் வனிலினைத் தயாரித்தார்கள். இந்த இரண்டையும் லாவெண்டரோடு சேர்த்து எமே கெர்லான் 1889-ல் "ஜிக்கி" என்ற சென்ட்டை உருவாக்கினார். ஈஃபில் கோபுரம் திறந்த அதே ஆண்டு. ஜிக்கியை ஆண்களும் அணிந்தார்கள், பெண்களும் அணிந்தார்கள்.

1919-ல் வந்தது "மிட்சுகோ". ஜாக் கெர்லான் உருவாக்கியது. மரப்பட்டையில் வளரும் ஓக் பாசியின் ஈரமான காட்டு மணத்தின் மேல் பீச் பழ மணத்தை ஏற்றியிருந்தார். அந்த பீச் மணம் ஒரு செயற்கைப் பொருள். வியாபாரத்தில் அதற்கு "ஆல்டிஹைட் சி-14" என்று பெயர். உண்மையில் அது ஆல்டிஹைடே கிடையாது, லாக்டோன் (வேதியியல் மாணவர்கள் சிரிக்கலாம்). பழமும் காடும் ஒரே பாட்டிலில் சேர்ந்தது. இலையுதிர் காலத்தின் மணம் என்று இன்றும் ரசிகர்கள் சொல்வது இதைத்தான். பெண்கள் சென்ட் என்று விற்றாலும், ரஷ்ய பாலே குழுவை நடத்திய தியாகிலெவ் இதன் தீராத ரசிகர் என்பார்கள்.

அதே 1919-ல் காரோன் நிறுவனம் "தபா ப்ளோன்" என்ற சென்ட்டைக் கொண்டுவந்தது. தோல், புகையிலை மணம். யாருக்கு? புதிதாக சிகரெட் பிடிக்கத் தொடங்கியிருந்த பெண்களுக்கு! 1920களின் இறுதியில் பாரிஸின் வைல் என்ற ரோம ஆடைக் கடைக்காரர்கள் குளிர்கால ரோமக் கோட்டுகளுக்கென்றே சென்ட் விற்றார்கள். ஆக, கனமான மணங்கள் அன்றைக்குப் பெண்களுக்கு அந்நியமாக இல்லை.

சுவர் உறுதியானது அதற்குப் பிறகுதான். 1934-ல் காரோன் "பூர் அன் ஓம்" என்று பெயரிலேயே அறிவித்தது. "ஓர் ஆணுக்காக" என்று பொருள். 1937-ல் அமெரிக்காவில் ஷல்டன் நிறுவனம் ஒரு புது சரக்கை இறக்கியது. பெயர் ஓல்ட் ஸ்பைஸ். நம் அப்பாக்களின் சவர அலமாரியில் இருந்த அதே ஓல்ட் ஸ்பைஸ்தான். ஆனால் 1937-ல் அது பெண்களுக்கான சரக்கு! ஆண்களுக்கானது அடுத்த ஆண்டு 1938-ல்தான் வந்தது. ஒரே பெயர். பிற்காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் தாடியும் கப்பலும் தவிர வேறெதுவும் ஞாபகத்துக்கு வராதபடி ஆகிவிட்டது.

ஏன் இப்படிப் பிரித்தார்கள்? ஆண்களில் பலர் சென்ட் என்றாலே கூச்சப்பட்டார்கள். சவரம் செய்தபின் போடுவது என்று சொல்லிக் கொடுத்தால் கூச்சம் போய்விடும். இதில் வியாபார லாபமும் உண்டு. ஒரு வீட்டில் ஒரு பாட்டில் விற்ற இடத்தில் இரண்டு பாட்டில் விற்கலாம். கடைகளில் அலமாரிகள் இரண்டாயின. மரமும் மசாலாவும் ஒரு பக்கம் போயின. பூவும் பழமும் இன்னொரு பக்கம் போயின.

பழம் எந்தப் பக்கம் நின்றது என்பதற்கு 1944-ல் ரோஷா நிறுவனம் வெளியிட்ட "ஃபாம்" நல்ல சாட்சி. பெயரின் பொருளே "பெண்". பிளம், பீச் மணம் நிறைந்த அந்த சென்ட்டை எட்மண்ட் ரூத்னிட்ஸ்கா 1943-ல், போருக்கு நடுவே, ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த பாரிஸில் உருவாக்கினார். ஒரு பக்கம் குப்பைமேடு, மறுபக்கம் பெயின்ட் தொழிற்சாலை. நடுவில் உட்கார்ந்து பழுத்த பழத்தின் மணத்தைக் கட்டினார் அந்த மனிதர்!

1992: ஒரு தேவதாருத் துண்டு

செர்ஜ் லூட்டன்ஸ் பிரான்சின் லீல் நகரத்துக்காரர். ஒப்பனைக் கலைஞர், புகைப்படக்காரர். 1968-ல் மொராக்கோவின் மராக்கேஷ் நகரத்துக்குப் போனபோது, தச்சர்கள் வேலை செய்யும் சந்தில் அட்லஸ் தேவதாரு மரத்தின் மணம் அவரைப் பிடித்துக்கொண்டது. வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைகளில் வளரும் மரம் அது. அமெரிக்காவிலிருந்து வரும் "தேவதாரு" எண்ணெய் வேறு. அது உண்மையில் ஜூனிப்பர் வகை. வெளிநாட்டுப் பென்சிலைச் சீவினால் வரும் அந்த உலர்ந்த மணம். அட்லஸ் தேவதாரு அதைவிட மென்மையானது, கொஞ்சம் இனிப்பானது.

1980 முதல் ஜப்பானின் ஷீசேடோ நிறுவனத்துக்கு வேலை செய்துவந்த லூட்டன்ஸ், அந்த மரத்தை வைத்துப் பெண்களுக்கு ஒரு சென்ட் வேண்டும் என்றார். தேவதாரு என்றால் ஆண்கள் பக்கம் என்று முடிவாகிப் போயிருந்த காலம் அது. பியேர் பூர்தோன், கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக் இருவரின் கைவண்ணத்தில் 1992-ல் "ஃபெமினிதே தியூ புவா" வெளிவந்தது. பெயரின் பொருள் "மரத்தின் பெண்மை". தேவதாருவின் மேல் பிளம், பீச், கிராம்பு, இலவங்கப்பட்டை, வயலட் என்று அடுக்கியிருந்தார்கள். 1970களில் அமெரிக்காவின் ஐ.எஃப்.எஃப் ஆய்வகத்தில் பிறந்த "ஐசோ ஈ சூப்பர்" என்ற மென்மையான மர மணப் பொருளும் அதில் தாராளமாக இருந்தது.

பெயரில் பெண்மை இருந்தாலும் ஆண்களும் அதை வாங்கினார்கள். அதே 1992-ல் பாரிஸின் பலே ருவாயால் பகுதியில் ஷீசேடோ திறந்த சிறிய கடையில் அந்தத் தேவதாருவின் தம்பி தங்கைகள் வந்தன. ஒன்றின் பெயர் "புவா எ ஃப்ரூயி". பொருள்: "மரமும் பழங்களும்". அவ்வளவுதான் பெயர்! ஆணுக்கா பெண்ணுக்கா என்ற வார்த்தையே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொன்னது. அரை நூற்றாண்டாக எதிரெதிர் அலமாரிகளில் இருந்த இரண்டும் ஒரே பெயரில் சேர்ந்தன.

இதன் தாக்கம் பெரிய நிறுவனங்களிலும் தெரிந்தது. 1990களின் நடுவில் டியோர் வெளியிட்ட "டோல்சே வீட்டா" சென்ட்டும் பூர்தோன் கைபட்டதுதான். அதிலும் தேவதாருவும் பழமும் மசாலாவும் உண்டு.

சிகே ஒன்னும் அதற்குப் பிறகும்

இருபாலர் சென்ட் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 1994-ல் வந்த கால்வின் க்ளைனின் "சிகே ஒன்". அல்பெர்ட்டோ மொரியாஸ், ஹாரி ஃப்ரெமோன் இருவரும் உருவாக்கியது. கறுப்பு வெள்ளை விளம்பரங்களில் பையன்களும் பெண்களும் வித்தியாசம் தெரியாமல் நின்றார்கள். உலகம் முழுக்கப் புகழ் பெற்றது. ஆனால் அது எலுமிச்சை, பச்சைத் தேயிலை ரகம். குளித்துவிட்டு வந்த சுத்தமான மணம். பழைய கொலோன் தண்ணீரின் பேரப்பிள்ளை. அந்த மணத்தில் ஆண், பெண் அடையாளம் இரண்டுமே மெலிதாக இருந்ததால் சுவரைத் தாண்டுவது சுலபம்.

மரமும் பழமும் செய்தது வேறு. அங்கே இரண்டு அடையாளங்களும் முழு பலத்தோடு இருந்தன. எதையும் குறைக்காமல் இரண்டையும் ஒருவரே அணியலாம் என்று காட்டியது அதுதான். கோடைக்கு சிகே ஒன் திறந்த கதவைக் குளிர்காலத்துக்குத் திறந்தது தேவதாரு என்று சொல்லலாம்.

2006-ல் கெசா ஷோன் "மாலிக்யூல் 01" என்று ஒரு சென்ட்டை வெளியிட்டார். அதில் மணப்பொருள் என்று இருந்தது ஐசோ ஈ சூப்பர் மட்டும்தான். ஒரே ஒரு மணப்பொருள்! அதற்கு ஆணென்றோ பெண்ணென்றோ பெயர் வைக்க யார் முயன்றாலும் நடக்காது.

மரத்துக்கு என்ன ஆனது?

மனிதர்கள் சுவர் கட்டி, சுவரை இடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மரங்களின் கதை வேறாக இருந்தது. அட்லஸ் தேவதாருவை 2013-ல் ஐ.யூ.சி.என் அமைப்பு அழியும் அபாயத்தில் உள்ள இனம் என்று பட்டியலிட்டது. வறட்சி, மேய்ச்சல், வெட்டுதல் எல்லாம் காரணம். சந்தனம் 1998-லிருந்தே ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நெடுநல்வாடையில் புகைந்த அகிலின் இனம் முழுவதும் இன்று சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. மிட்சுகோவின் ஓக் பாசிக்கு வேறு பிரச்சினை. அதில் ஒவ்வாமை தரும் இரண்டு பொருள்களை 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. அதனால் சுத்திகரித்த பாசியைத்தான் பயன்படுத்த முடியும்.

அந்த வகையில் ஆய்வுக்கூடப் பொருள்களை "போலி" என்று ஒதுக்குவது சரியாகாது. பீச்சும் பிளமும் முதல் நாளிலிருந்தே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவைதான். மரமும் அங்கிருந்து வந்தால் மலையில் ஒரு தேவதாரு நிற்கும்.

1709-ல் கொலோனில் பூசியவர்களுக்கு இந்தச் சுவர் தெரியாது. நக்கீரருக்கும் தெரியாது. அது உறுதியாக நின்றது 1930களிலிருந்து 1990கள் வரை, சுமார் அறுபது வருடம். ஒரு மனித ஆயுள் கூட முழுதாக இல்லை. அதற்குள் அது இயற்கையின் சட்டம் போலப் பலருக்குத் தோன்றிவிட்டது. இன்றும் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ, குளிர் நாட்டுக்குப் படிக்கப் போன இடத்திலோ, ஒரு பையன் பிளம் மணத்தையும் ஒரு பெண் தேவதாரு மணத்தையும் பூசக் கூச்சப்பட்டால், அந்தக் கூச்சம் பழத்திலிருந்தும் வரவில்லை, மரத்திலிருந்தும் வரவில்லை. இரண்டு பாட்டில் விற்க நினைத்தவர்களிடமிருந்து வந்தது. மழை நின்று வாடைக் காற்று தொடங்கும் மார்கழியில் சென்ட் வாங்கப் போகிறவர்கள், பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கும் முன் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிடுவது நல்லது.